கோப்பில் எழுதிய தரவு வகை மாறித் திரும்பினால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஓகேமல், ஹாஸ்கெல் போன்ற மொழிகளில் நிரல் எழுதுகிறவர்கள் கம்பைலரை நம்பிப் பழகியவர்கள். வகை பொருந்தாவிட்டால் அது நம்மை ஓரடி கூட நகர விடாது. ஆனால் அந்தக் காவல் நிரலின் எல்லைக்குள் மட்டும்தான். சரிபார்த்து முடித்ததும் கம்பைலர் வகைகளை அகற்றிவிடுகிறது. வட்டுக்கும் வலைக்கும் போய்ச் சேர்வது வெறும் பைட்டுகள். திரும்பப் படிக்கும்போது வகையும் வேண்டுமென்றால், எழுதும்போதே அதை நாம் பைட்டுகளோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும். கீழே வரும் பிழைகள் பெரும்பாலும் அதை எழுதாமல் விட்டதால், அல்லது அரைகுறையாக எழுதியதால் வருபவை.

உதாரணங்களைத் தோல் தொழிலிலிருந்து எடுத்திருக்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆலைகளுக்கு இருப்புக் கணக்கும் பரிசோதனை அறிக்கையும் ஏற்றுமதிப் பட்டியலும் எழுதித் தருகிற வேலூர் நிரலாளர்கள் நம்மில் பலர். ஓகேமல், ஹாஸ்கெல் இரண்டிலும் கன்ஸ்ட்ரக்டர்களின் (ஒரு வகை எடுக்கக்கூடிய மதிப்புகளுக்கு நாம் வைக்கும் பெயர்களின்) முதல் எழுத்து தமிழாக இருக்க முடியாது. இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கோப்பைத் திறந்து பைட்டுகளைக் கண்ணால் பாருங்கள். ஹெக்ஸ் வடிவில் 84 95 என்று தொடங்கினால் அது ஓகேமலின் மார்ஷல் (மதிப்புகளைப் பைட்டுகளாக எழுதும் அதன் சொந்த மாட்யூல்) எழுதிய கோப்பு. சுருள் அடைப்புக்குறியிலோ சதுர அடைப்புக்குறியிலோ தொடங்கினால் பெரும்பாலும் ஜேசன் (JSON) என்ற உரை வடிவம். இரண்டும் இல்லையென்றால் ஹாஸ்கெலின் பைனரி நூலகம் போன்ற ஒன்று எழுதியதாக இருக்கலாம். அதில் தலைப்பு அடையாளம் எதுவும் கிடையாது. எந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்த நாளில் எழுதியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தகவல்கள் கையில் இல்லாமல் நிரலைத் திருத்தத் தொடங்கினால், நல்ல கோப்பையும் கெடுத்துவிட வாய்ப்புண்டு.

கோப்பைப் படித்ததும் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுகிறது

தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்ட நிரலை இயங்குதளம் நிறுத்துவது இது. ஓகேமல் நிரல் இப்படி விழுவது அரிது. விழுந்தால் முதலில் மார்ஷலைச் சந்தேகியுங்கள். மார்ஷல் எழுதும்போது நினைவகத்தில் இருக்கும் வடிவத்தை அப்படியே எழுதுகிறது: இது எண், இது இத்தனை கட்டங்கள் கொண்ட தொகுப்பு, அதன் குறி இது, அவ்வளவுதான். வகையின் பெயரோ புலங்களின் பெயரோ அதில் இல்லை. படிக்கும் பங்ஷன் எந்த வகையை வேண்டுமானாலும் தருவதாகச் சொல்லிக்கொள்ளும். “இது தோல் இருப்புப் பட்டியல்” என்று நாம் வகைக்குறிப்பு எழுதினால் கம்பைலர் அதை நம்பிவிடும். நேற்று மூன்று புலங்களோடு எழுதிய பதிவை இன்று நான்கு புலங்கள் கொண்ட வகையாகப் படித்தால், நான்காவது புலத்தைத் தேடி நிரல் தொகுப்புக்கு வெளியே போகிறது. அங்கே இருப்பது என்னவோ, அதை எடுத்துக்கொண்டு நடக்கிறது.

இப்படி விழுந்துவிடுவது நல்ல முடிவு. விழாமல், பொருளற்ற எண்ணை எடுத்துக் கணக்கில் கூட்டிக்கொண்டே போவதுதான் மோசமானது.

உறுதிப்படுத்த, கோப்பு எழுதப்பட்ட நாளுக்கும் இன்றைக்கும் இடையில் அந்த வகையின் அறிவிப்பு மாறியதா என்று கிட் (git) வரலாற்றில் பாருங்கள். வகை மட்டுமல்ல, அது உள்ளே பயன்படுத்தும் வகைகளையும் பாருங்கள். நூலகம் ஒன்றைப் புதுப்பித்திருந்தால் அதன் உள்வகை மாறியிருக்கலாம். உங்கள் நிரலில் ஒரு வரிகூட மாறாமலே பிழை வரும்.

கோப்பு வெறும் கேஷ் (cache, மறுபடி கணக்கிட்டுக்கொள்ளக்கூடிய தற்காலிகச் சேமிப்பு) என்றால் தீர்வு எளிது. எழுதும்போது தலைப்பில் இயங்கும் நிரல் கோப்பின் டைஜஸ்டை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சிறிய அடையாளக் குறியை) எழுதுங்கள். ஓகேமலின் டைஜஸ்ட் மாட்யூலே அதைக் கணக்கிட்டுத் தரும். படிக்கும்போது ஒத்துப்போகாவிட்டால் கேஷை எறிந்துவிட்டுப் புதிதாகக் கணக்கிடுங்கள்.

கோப்பு உண்மையான தரவு என்றால், அதற்கு மார்ஷல் ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து. இப்போது கையில் இருக்கும் பழைய கோப்புகளை மீட்க ஒரே வழிதான் உண்டு. கோப்பை எழுதிய அந்தப் பழைய பதிப்பை கிட்டிலிருந்து எடுத்து, அப்போதிருந்த அதே நூலகங்களோடு கம்பைல் செய்து, பழைய வகையால் படித்து ஜேசனாக எழுதும் சிறிய மாற்று நிரல் ஒன்றை உருவாக்குங்கள். அது ஒரே ஒருமுறை ஓடினால் போதும். வேகத்துக்காகப் பைனரிதான் வேண்டும் என்றால் பின்-ப்ராட் நூலகத்தைப் பாருங்கள். வகையின் வடிவத்திலிருந்தே ஒரு டைஜஸ்டை அது கணக்கிட்டுத் தரும். அதைத் தலைப்பில் வைத்துப் படிக்கும்போது ஒப்பிடலாம்.

ஹாஸ்கெலில் டைப்பபிள் தரும் விரல்ரேகையை இதே வேலைக்குப் பயன்படுத்தச் சிலர் நினைக்கிறார்கள். அது போதாது. அந்த ரேகை வகையின் பெயர், மாட்யூல், பேக்கேஜ் ஆகியவற்றிலிருந்து வருவது. உள்ளே ஒரு புலத்தைச் சேர்த்தாலும் நீக்கினாலும் ரேகை மாறாது. நாம் பிடிக்க நினைக்கிற மாற்றமே அதுதான்.

இன்னொன்று: வெளியாள் அனுப்பிய மார்ஷல் கோப்பை எந்தச் சூழ்நிலையிலும் படிக்காதீர்கள். வேண்டுமென்றே சிதைத்த கோப்பிடமிருந்து காக்க அதில் எதுவும் இல்லை.

எல்லாம் சரியாகப் படிக்கிறது, ஆனால் ஊர் மாறிவிட்டது

நிரல் விழவில்லை. பிழைச்செய்தி இல்லை. பட்டியல் ஒழுங்காக வருகிறது. ஆனால் வேலூர் வாடிக்கையாளர்கள் எல்லாரும் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. எனக்குத் தெரிந்து மிக அதிகச் சேதத்தை உண்டாக்கும் பிழை இது. ஏனென்றால் திரும்பி வருவதும் சரியான வகையே, மதிப்பு மட்டும் வேறு.

காரணம் கன்ஸ்ட்ரக்டர்களின் வரிசை. ஓகேமல் தரவு ஏதும் சுமக்காத கன்ஸ்ட்ரக்டர்களை 0, 1, 2 என்று அறிவித்த வரிசையில் எண்களாக வைத்துக்கொள்கிறது. மார்ஷல் அந்த எண்ணை மட்டுமே எழுதுகிறது. ஹாஸ்கெலின் பைனரி நூலகத்தில் ஜெனரிக் வழியாகத் தானாக உருவாக்கும் எழுத்துமுறையும் இப்படி வரிசை எண்ணைத்தான் எழுதும்.

ஒரு நிரலில் மாவட்ட வகை காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர் என்று அகர வரிசையில் இருந்தது என்று வையுங்கள். 0, 1, 2. பிறகு 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. நிரலாளர் ஒழுங்கு தவறாமல் அகர வரிசையிலேயே சேர்த்தார்: காஞ்சிபுரம், திருப்பத்தூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, வேலூர். இப்போது பழைய கோப்பில் 1 என்று இருக்கும் திருவண்ணாமலைப் பதிவுகள் திருப்பத்தூர் ஆகின்றன. 2 என்று இருக்கும் வேலூர்ப் பதிவுகள் திருவண்ணாமலை ஆகின்றன. காஞ்சிபுரம் மட்டும் தப்பிக்கிறது. கம்பைலருக்கு இதில் எந்தக் குறையும் தெரியாது. பேட்டர்ன் மேட்சுகளில் புதிய கன்ஸ்ட்ரக்டர்களைச் சேர்க்கச் சொல்லி எச்சரித்திருக்கும், அதையும் நிரலாளர் ஒழுங்காகச் செய்து முடித்திருப்பார்.

உறுதிப்படுத்தும் வழி: தவறாகக் காட்டும் மதிப்புகளையும் சரியான மதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு பழைய மதிப்பும் தவறாமல் ஒரே புதிய மதிப்புக்குப் போயிருந்தால் வரிசைதான் காரணம். ஒரே மதிப்பு வெவ்வேறு இடங்களுக்குச் சிதறியிருந்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

தீர்வு, எண்ணை எழுதாமல் பெயரை எழுதுவது. பெயரும் கம்பைலர் தரும் பெயராக இருக்கக் கூடாது. நாமே நிர்ணயித்த நிலையான குறியீடாக இருக்க வேண்டும். கன்ஸ்ட்ரக்டரின் பெயரை யாராவது நாளை அழகுக்காக மாற்றினாலும் கோப்பில் இருக்கும் குறியீடு மாறாது. ஒருமுறை ஒதுக்கிய குறியீட்டை வேறு பொருளுக்கு மறுபடி ஒதுக்காதீர்கள். பைனரியாகவே இருக்க வேண்டிய கட்டாயம் என்றால், புதிய கன்ஸ்ட்ரக்டரைக் கடைசியில் மட்டும் சேர்ப்பது என்ற விதியை வகை அறிவிப்புக்கு மேலேயே கருத்துரையாக எழுதி வையுங்கள். ஓகேமலின் பாலிமார்ஃபிக் வேரியன்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் எண் பெயரிலிருந்து ஹாஷ் வழியாக வருவது. வரிசையை மாற்றினாலும் அப்படியே இருக்கும்.

குறியீட்டைச் சரியாக வைத்த பின்னும் ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. பலரும் கவனிக்காமல் விடுவது அது. 2018இல் எழுதிய ‘வேலூர்’ என்பது ஆம்பூரையும் ஆற்காட்டையும் உள்ளடக்கியது. 2020இல் எழுதிய ‘வேலூர்’ இரண்டையும் உள்ளடக்காது; ஆம்பூர் திருப்பத்தூருக்கும் ஆற்காடு ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. குறியீடு ஒன்று, பொருள் இரண்டு. இதற்கு ‘பிரிவதற்கு முந்தைய வேலூர்’ என்று தனிக் கன்ஸ்ட்ரக்டர் வைப்பதே நேர்மையான வழி. மாவட்டப் பட்டியல் ஒருபோதும் மாறாது என்று நினைப்பதற்கு நம் ஊரில் இடமே இல்லை. 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றானது.

இந்த இடத்தில் சோதனை பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலான குழுக்கள் ஒரு மதிப்பை எழுதி உடனே படித்து, இரண்டும் சமமா என்று பார்க்கும் சோதனையை வைத்திருக்கின்றன. அது தேவைதான். ஆனால் எழுதுவதும் படிப்பதும் ஒரே பதிப்பு என்பதால், மேலே சொன்ன மாவட்டப் பிழையில் அந்தச் சோதனை எப்போதும் வெற்றி பெறும். உங்களுக்கு வேண்டியது பழைய பதிப்புகள் எழுதிய மாதிரிக் கோப்புகள். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் எல்லாக் கன்ஸ்ட்ரக்டர்களும் வரும்படி ஒரு கோப்பை எழுதி அதை ரெப்பாசிட்டரியிலேயே சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு அதைத் திருத்தவே கூடாது. புதிய நிரல் அந்தப் பழைய கோப்புகள் அத்தனையையும் படித்து, எதிர்பார்த்த மதிப்புகளைத் தருகிறதா என்று சோதியுங்கள். வகையைத் தொட்ட அன்றைக்கே பிழை தெரிந்துவிடும்.

பரப்பளவு ஒன்பது மடங்கு, அல்லது ஒன்பதில் ஒரு பங்கு

தோலை நம் பக்கம் சதுர அடியில் விற்கிறோம். ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் சதுர மீட்டரிலோ சதுர டெசிமீட்டரிலோ கேட்பார்கள். நல்ல நிரலாளர் இரண்டையும் தனித்தனி வகையாக வைத்திருப்பார். சதுர அடியோடு சதுர டெசிமீட்டரைக் கூட்ட நினைத்தால் கம்பைலர் தடுக்கும். ஆனால் இப்படிப் பிரிக்க உதவும் ஹாஸ்கெலின் நியூடைப்பும், ஓகேமலின் ஃபேன்டம் வகையும் இயங்கும் நேரத்தில் எந்தத் தடயமும் விடுவதில்லை. கோப்பில் எழுதும்போது 46.45 என்ற எண் மட்டுமே போகிறது. படிக்கும் இடத்தில் அதைச் சதுர அடி என்று எடுத்துக்கொண்டால் கேட்க ஆள் இல்லை.

இந்தப் பிழையை விகிதத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். தவறான மதிப்பையும் சரியான மதிப்பையும் எடுத்து, பெரியதைச் சிறியதால் வகுத்துப் பாருங்கள். 9.29 என்று வந்தால் சதுர அடியும் சதுர டெசிமீட்டரும் கலந்துவிட்டன. 10.76 என்றால் சதுர அடியும் சதுர மீட்டரும். சரியாக 100 என்றால் சதுர மீட்டரும் டெசிமீட்டரும், அல்லது பண மதிப்பாக இருந்தால் ரூபாயும் பைசாவும். அச்சடித்த ஒரே ஒரு பேக்கிங் பட்டியல் கையில் இருந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

அலகை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்:

{"பரப்பு": 46.45, "அலகு": "சதுர டெசிமீட்டர்"}

இடம் கொஞ்சம் கூடும், கூடட்டும். அலகு இல்லாத பதிவு வந்தால் ஊகிக்காமல் பிழையாக நிராகரியுங்கள். டிரம்மில் போடும் முன் தோலிலேயே லாட் அடையாளம் குத்திவைப்பது போல, எண் நிரலை விட்டு வெளியேறும் முன் அதன் மேலேயே அடையாளம் பதிந்திருக்க வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழை, சரிபார்ப்பைத் தாண்டி உள்ளே வரும் மதிப்பு. பரப்பு பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும், ஆட்டுத்தோல் என்றால் இத்தனை சதுர அடிக்கு மேல் போகக் கூடாது என்று உருவாக்கும் பங்ஷனில் சோதனை வைத்திருப்பீர்கள். வகையை வெளியே மறைத்தும் வைத்திருப்பீர்கள். ஆனால் ஜேசனிலிருந்து படிக்கும் பங்ஷனை டிரைவிங் (deriving) மூலம் தானாக உருவாக்கினால், அது உங்கள் சோதனையை அழைப்பதில்லை. நேரடியாக மதிப்பைக் கட்டிவிடுகிறது. அறிகுறி இப்படி இருக்கும்: நிரலுக்குள் ஒருபோதும் உருவாக முடியாத ஒரு மதிப்பு, உதாரணமாக 46 சதுர அடி ஆட்டுத்தோல், பட்டியலில் இருக்கும். 5 சதுர அடித் தோல் டெசிமீட்டரில் எழுதப்பட்டு, சோதனை ஏதும் இல்லாமல் அடியாகத் திரும்பி வந்தது அது. மறைத்த வகைகளுக்குப் படிக்கும் பங்ஷனைக் கையால் எழுதுங்கள். முதலில் மூல எண்ணைப் படித்து, பிறகு உருவாக்கும் பங்ஷனின் வழியாகவே உள்ளே விடுங்கள். கூடுதல் வேலை மூன்று நான்கு வரிகள்தான்.

‘இல்லை’ என்று பதிந்தது ‘தெரியாது’ என்று திரும்புகிறது

பரிசோதனை அறிக்கைகளில் இந்தப் பிழையின் விலை அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் (வேதிப்பொருள் கட்டுப்பாட்டு) விதிகளின்படி, உடலின் சருமத்தில் படும் தோல் பொருள்களில் ஆறு இணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது. 2015 மே 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி இது. ஆகவே ஒவ்வொரு லாட்டுக்கும் மூன்று நிலைகள் உண்டு: ‘சோதிக்கவே இல்லை’; ‘சோதித்தோம், தென்படவில்லை’; ‘சோதித்தோம், இவ்வளவு இருக்கிறது’. இதை ஆப்ஷனுக்குள் ஆப்ஷன் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லும் வகை) வைத்து எழுதுவது வழக்கம். வெளி ஆப்ஷன் சோதித்தோமா என்பதற்கு, உள் ஆப்ஷன் தென்பட்டதா என்பதற்கு. நிரலுக்குள் இது கச்சிதமாக வேலை செய்யும்.

ஜேசனுக்குப் போனதும் சுருங்கிவிடும். ஓகேமலின் டிரைவிங்-யோஜேசனும் ஹாஸ்கெலின் ஏசான் நூலகமும் மதிப்பு இல்லாத ஆப்ஷனை நல் (null) என்று எழுதுகின்றன. இருக்கும் மதிப்பை உறையில்லாமல் அப்படியே எழுதுகின்றன. ‘சோதித்தோம், தென்படவில்லை’ என்பதும் நல், ‘சோதிக்கவில்லை’ என்பதும் நல். படிக்கும்போது இரண்டும் ‘சோதிக்கவில்லை’ என்றே வரும். ஆய்வகத்தில் தேறிய லாட் மறுபடி ஆய்வகத்துக்குப் போகிறது. கப்பல் தேதி தள்ளிப்போகிறது.

எழுதிய கோப்பில் அந்தப் புலத்தைப் பாருங்கள். மூன்று நிலைகளுக்கும் ஒவ்வொரு மதிப்பை எழுதிப் பார்த்து, எழுத்து வடிவம் மூன்றும் வேறு வேறாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். இரண்டு ஒன்றாக இருந்தால் பிழை அங்கேதான்.

ஆப்ஷனுக்குள் ஆப்ஷனை விட்டுவிட்டு, மூன்று நிலைக்கும் மூன்று பெயர் கொண்ட சொந்த வகையை அறிவியுங்கள். ஜேசனில் ஒவ்வொன்றும் தன் பெயரோடு போகும். இது நிரலைப் படிப்பவருக்கும் நல்லது. உள்ளே இருக்கும் வெறுமை எதைக் குறிக்கிறது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. வெளியார் தரும் ஜேசனில் புலமே இல்லாததையும் நல் என்று இருப்பதையும் பிரித்தறிய வேண்டிய நிலை வந்தால், ஏசானில் .:? என்பது இரண்டையும் ஒன்றாக்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். .:! என்பது பிரித்துத் தரும்.

ஏற்கெனவே நல் என்று எழுதப்பட்டுவிட்ட பதிவுகளை நிரலால் மீட்க முடியாது. தகவல் அங்கே இல்லவே இல்லை. ஆய்வகத்தின் காகித அறிக்கையை வைத்துத்தான் நிரப்ப வேண்டும். அது கிடைக்கும்வரை ‘பழைய பதிவு, நிலை அறியப்படவில்லை’ என்று நான்காவது கன்ஸ்ட்ரக்டர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஊகத்தை ஆய்வக முடிவாகப் பதிவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது.

ஒரு கன்ஸ்ட்ரக்டரைச் சேர்த்தேன், பழைய ஜேசன் எதையும் படிக்க மறுக்கிறது

ஏசானைத் தானியங்கி முறையில் பயன்படுத்துகிறவர்களுக்கு வருவது. தோலின் நிலை என்ற வகை பச்சைத்தோல், வெட் ப்ளூ, கிரஸ்ட், பினிஷ்ட் என்று இருந்தது. எந்தக் கன்ஸ்ட்ரக்டரும் தரவு சுமக்கவில்லை. அப்படிப்பட்ட வகையை ஏசான் இயல்பாகவே வெறும் சரமாக எழுதும்: "கிரஸ்ட்". பிறகு கிரஸ்டுக்குத் தடிமனையும் சேர்க்கலாம் என்று முடிவாகிறது. ஒரு கன்ஸ்ட்ரக்டர் தரவு சுமக்கத் தொடங்கியதும் முழு வகையின் எழுத்துமுறையும் மாறிவிடுகிறது. இனி எல்லாமே பெயர்ச்சீட்டுப் புலம் கொண்ட ஆப்ஜெக்டாகப் போகும், தரவில்லாத வெட் ப்ளூ உட்பட. பழைய "வெட் ப்ளூ" என்ற வெறும் சரத்தைப் புதிய நிரல் ஏற்காது.

ஒரே கன்ஸ்ட்ரக்டர் கொண்ட வகையிலும் இதே கதை. இயல்பு அமைப்பில் ஒற்றைக் கன்ஸ்ட்ரக்டருக்குப் பெயர்ச்சீட்டே எழுதப்படுவதில்லை. இரண்டாவதைச் சேர்த்த நாளில் பழைய கோப்புகளில் பெயர்ச்சீட்டைத் தேடி, இல்லை என்று நிரல் நிற்கும்.

உடனடித் தீர்வு: படிக்கும் பங்ஷனில் இரண்டு வடிவத்தையும் ஏற்கச் செய்யுங்கள். புதிய வடிவத்தை முதலில் முயன்று, தோற்றால் பழையதை முயலட்டும். எழுதுவது புதிய வடிவம் மட்டுமே. நிலையான தீர்வு: வகை பிறக்கும் நாளிலேயே, எல்லாக் கன்ஸ்ட்ரக்டர்களுக்கும் எப்போதும் பெயர்ச்சீட்டு எழுதும்படி ஏசானின் அந்த இரண்டு அமைப்புகளையும் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு ஆவணத்தின் மேலேயும் பதிப்பு எண் ஒன்றும் இருக்கட்டும். எந்த வடிவத்தை முயல்வது என்று அப்போது ஊகிக்க வேண்டியிருக்காது.

எழுதும்போதே ‘ஃபங்ஷனல் வேல்யூ’ என்று பிழை

மார்ஷலிடம் கொடுத்த மதிப்புக்குள் எங்கோ ஒரு பங்ஷன் ஒளிந்திருக்கிறது. நேரடியாக வைத்திருந்தால் உடனே தெரியும். தெரியாமல் வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, தேவைப்படும்போது கணக்கிடலாம் என்று தள்ளிவைத்து, இன்னும் கணக்கிடப்படாத லேஸி மதிப்பு. எழுதும் முன் அதைக் கணக்கிட வையுங்கள். இன்னொன்று, பேஸ் நூலகத்தின் மேப். ஒப்பிடும் பங்ஷனை அது தனக்குள்ளேயே சுமக்கிறது. ஓகேமலின் சொந்த மேப் அப்படிச் சுமப்பதில்லை. பட்டியலாக மாற்றி எழுதி, படித்தபின் மீண்டும் மேப் ஆக்குங்கள். பங்ஷன்களையும் எழுத விடும் குளோஷர் (closure) கொடியை இயக்கினால் பிழை மறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன்படி எழுதிய கோப்பை, அதே கம்பைலில் உருவான அதே நிரலால் மட்டுமே படிக்க முடியும்.

விதிவிலக்குகளையும் (exception) இதோடு சொல்லிவிடுகிறேன். துணை புராசஸ் ஒன்றில் எழுந்த விதிவிலக்கை மார்ஷல் செய்து தாய் புராசஸுக்கு அனுப்பினால், அங்கே அது எந்தப் பேட்டர்னிலும் சிக்காது. பெயரை அச்சிட்டால் சரியாகவே தெரியும், ஆனால் மேட்ச் ஆகாது. விதிவிலக்குகளும் பிற விரிவாக்க வேரியன்டுகளும் நினைவகத்தில் இருக்கும் இடத்தை வைத்தே அடையாளம் காணப்படுகின்றன. நகலுக்கு அந்த இடம் கிடையாது. சாதாரண வேரியன்டாக மாற்றி அனுப்புங்கள்.

எண்களும் சாவிகளும்

எண்ணின் கடைசி இலக்கம் மாறியிருந்தால், உதாரணமாக 9007199254740993 என்பது 9007199254740992 ஆகத் திரும்பினால், நடுவில் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறது. அங்கே ஜேசனிலிருந்து படிக்கும் எண்கள் இயல்பாக மிதவை எண்கள் (தசமப் புள்ளி எண்கள்). 2இன் 53ஆம் அடுக்குக்கு மேல் முழு எண்கள் துல்லியமாக நிற்காது. அடையாள எண்களைச் சரமாக எழுதுங்கள். 18.0 என்பது 18 ஆகத் திரும்புவதும் அதே வழியில்தான்; மிதவை எண்ணை எதிர்பார்க்கும் இடத்தில் முழு எண்ணையும் ஏற்கச் செய்யுங்கள். தொலைபேசியின் 0416 என்பது 416 ஆனால் அது எண்ணே இல்லை என்பதை வகையில் சொல்லாமல் விட்டதே காரணம். கூட்டவும் பெருக்கவும் தேவையில்லாத எதுவும் சரமாக இருக்கட்டும்.

க்ளோஜர் (Clojure) மொழியில் ஜேசனிலிருந்து படித்த மேப்பில் தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போவது, கீவேர்டுகள் சரங்களாக மாறித் திரும்பியதால். செட்டும் வெக்டராகிவிடும். இரு பக்கமும் க்ளோஜர் என்றால் இடிஎன் அல்லது டிரான்சிட் வடிவத்தைப் பயன்படுத்துங்கள்; கீவேர்டு, செட், தேதி எல்லாம் தம் வகையோடு திரும்பும். எலிக்சிர் மொழியில் ஆட்டங்களுக்கு (atom, பெயரே மதிப்பாக இருக்கும் மாறிலி) இதே நிலைதான். ஆனால் வெளியிலிருந்து வரும் சரங்களையெல்லாம் ஆட்டமாக மாற்றாதீர்கள். ஆட்டங்கள் ஒருமுறை உருவானால் அழிவதில்லை. இயல்பு உச்சவரம்பு 1,048,576. அதைத் தாண்டினால் முழு நிரலும் நின்றுவிடும். ஏற்கெனவே இருக்கும் ஆட்டமாக மட்டும் மாற்றும் பங்ஷனைப் பயன்படுத்துங்கள்.

தவறாகப் படித்ததை மறுபடி சேமித்தும் ஆயிற்று

மாவட்டப் பிழையில் இது நடந்தால்தான் உண்மையான சோதனை. பிழையான நிரல் பழைய பதிவைப் படித்து, வேலூரைத் திருவண்ணாமலை என்று எடுத்துக்கொண்டு, புதிய எண்ணோடு எழுதிவிட்டது. இப்போது கோப்பில் உண்மையான திருவண்ணாமலையும் பொய்யான திருவண்ணாமலையும் கலந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே அடியாகத் திருப்பி மாற்றினால் நல்ல பதிவுகள் கெடும்.

முதலில் எழுதுவதை நிறுத்துங்கள். பிழையான பதிப்பு வெளியான நாளுக்கு முந்தைய பேக்கப்பை எடுத்து, பழைய நிரலால் படித்து, பதிவு எண் வாரியாக மாவட்டத்தைத் தனிப் பட்டியலாக்குங்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் பதிவுகளுக்கு அதுவே சாட்சி. அதற்குப் பின் புதிதாகச் சேர்ந்தவற்றுக்கு, அதே பதிவில் மாவட்டத்தைச் சாராமல் எழுதப்பட்ட வேறு புலத்தைத் தேடுங்கள். முகவரியில் பின்கோடு இருக்கும். திருவண்ணாமலை என்று காட்டும் பதிவில் 632001 இருந்தால் அது வேலூர் நகரம். 635802 என்றால் ஆம்பூர்.

ஆனால் முதல் மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்து, 632 எல்லாம் வேலூர் என்று மாற்றிவிடாதீர்கள். ராணிப்பேட்டை 632401, ஆற்காடு 632503. ஆரணி 632301, அது திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இருக்கிறது. பின்கோடு 1972இல் வந்தபோது ஆரணியும் வேலூரும் ஒரே வட ஆற்காட்டில் இருந்தன. மாவட்டம் பிரிந்தபோது பின்கோடு பிரியவில்லை. ஆறு இலக்கத்தையும் ஊர்ப் பெயரோடு சேர்த்து ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைத் தனியே எடுத்து ஆலைக்கு அனுப்பிக் கேட்டு எழுதுங்கள்.